கருணை மரணத்துக்குப் பின் உறுப்பு தானம்: அண்ணனை அவசரப்படுத்துவார்களா?

கேள்வி: என் அண்ணன் டொரொன்டோவில் இருக்கிறார். வயது 58. தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய் முற்றி, பேச்சும் குழறுகிறது. டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள (அங்கே 'மெய்ட்' என்கிறார்கள்) அனுமதி வாங்கிவிட்டார். கூடவே சிறுநீரகம், கல்லீரலையும் தானம் செய்யப் போகிறாராம். உறுப்புக்காக அவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கும் அண்ணிக்கும் பயமாக இருக்கிறது.
- வாசகி, கும்பகோணம்

பதில்: கனடாவில் 2016-ல் மெய்ட் சட்டமான பிறகு, அங்குள்ள டாக்டர்களுக்கும் இதே பயம் இருந்தது. அதனால் 2019-ல் வந்த வழிகாட்டுதல் இரண்டு முடிவுகளையும் பிரித்தே வைத்தது. முதலில் மெய்ட் முடிவாக வேண்டும். அதன் பிறகுதான் தானப் பேச்சு. மெய்ட்டுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் இருவருக்கும் உறுப்பு மாற்றுக் குழுவோடு சம்பந்தம் இருக்கக் கூடாது. ஒன்டாரியோவில் அனுமதி கிடைத்தவரை உறுப்பு தான அமைப்பே தொடர்புகொண்டு கேட்பதும் உண்டு. அண்ணன் தானாகக் கேட்டாரா, அவர்கள் கேட்டு இவர் சம்மதித்தாரா என்று விசாரித்து வையுங்கள். எதுவானாலும் தவறில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

அன்று நடப்பதை அண்ணிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் கண்மூடுவது நடக்காது. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் குடும்பத்தார் கூட இருக்கலாம். ஊசி மருந்தில் தூக்கம், பிறகு ஆழ்ந்த மயக்கம், அப்புறம் மூச்சும் இதயமும் நிற்கும். நின்ற பின் 5 நிமிடம் யாரும் உடலைத் தொட மாட்டார்கள். மாற்றுக் குழுவில் இல்லாத இரண்டு டாக்டர்கள் மரணத்தை உறுதி செய்வார்கள். அடுத்த நொடியே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ரத்த ஓட்டம் நின்றால் கல்லீரல் சீக்கிரம் கெடும், அதனால்தான் அந்த அவசரம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ அண்ணிக்கு நேரம் கிடைக்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில மணி நேரத்தில் உடலைத் தையல் போட்டுத் தருவார்கள், காரியங்களுக்குத் தடையில்லை.

(நெதர்லாந்தில் சிலருக்கு வீட்டிலேயே மயக்கம் கொடுத்து, ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கடைசியாகத் தன் வீட்டைப் பார்த்தபடி கண்மூட ஆசைப்படுகிறவரிடம் என்ன சொல்வது?)

பெல்ஜியத்தில் 2005-லிருந்தே இத்தகைய தானம் நடக்கிறது. 'எப்படியும் சாகப் போகிறார், மயக்கத்திலேயே உறுப்பை எடுத்தால் இன்னும் நல்ல நிலையில் கிடைக்குமே' என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. எந்த நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை, தரவும் கூடாது. உயிர் போன பின்தான் கத்தி.

தானத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மெய்ட் கேட்பவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். அவர்களால் பொதுவாக உறுப்பு தர முடியாது. ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்புகளைத்தான் அழிக்கிறது, சிறுநீரகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெறுபவரிடமும் தானம் தருபவரின் நோயைச் சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள்.

என் கவலை வேறு. 'வாக்கு கொடுத்தாச்சே, யாரோ காத்திருக்கிறாரே' என்ற கூச்சம் அண்ணனைப் பின்வாங்க விடாமல் செய்யலாம். ஊசி போடும் நிமிடம் வரை தானத்தை மட்டும் விடலாம், மெய்ட்டையும் சேர்த்தே விடலாம். யாரும் காரணம் கேட்க முடியாது. அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்து வீடியோ காலில் ஒன்று கேளுங்கள்: "உறுப்பு வேண்டாம்னு நாளைக்கு ஆஸ்பத்திரி சொல்லிட்டா, அதே தேதியில போவியாண்ணா?" யோசிக்காமல் 'ஆமா' என்றால் விட்டுவிடுங்கள். தயங்கினால் அன்றே மெய்ட் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்; தேதியைத் தள்ளிவைக்க முடியும்.

இங்குள்ள டாக்டர்களிடம் இதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மீள வழியில்லாதவருக்குச் சிகிச்சையை நிறுத்த மட்டுமே அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். மற்ற சந்தேகங்களை அந்த ஆஸ்பத்திரியின் தான ஒருங்கிணைப்பாளரிடமே கேளுங்கள், அண்ணியையும் லைனில் வைத்துக்கொண்டு.