லீக்கில் புலி, நாக்-அவுட்டில் எலி: முதலில் பெஞ்சைப் பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் ஒரு பள்ளிக்கு, சக்கர ஸ்கேட் போட்டு ஆடும் இன்லைன் ஹாக்கி சொல்லித் தருகிறேன். பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்கள், கோலியோடு பத்துப் பேர். இரண்டு வருஷமாக லீக் ஆட்டங்களை எல்லாம் ஜெயித்துவிட்டு, நாக்-அவுட்டில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வருகிறோம். இரண்டு முறையும் பாதி நேரத்தில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். கடைசி ஐந்து நிமிஷத்தில் கோல் வாங்கினோம். போன வருஷம் அந்த நேரத்தில் எங்கள் நம்பர் ஒன் பையன் தப்பாட்டத்துக்காகப் பெனால்டியில் வெளியே உட்கார்ந்திருந்தான். பையன்களுக்கு மனதைரியம் போதாது என்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் மச்சான், "இதைப் போட்டுக் காட்டு மாமா" என்று ஐஸ் ஹாக்கி பிளே-ஆஃப் வீடியோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். பிளே-ஆஃபில் ஜெயிக்க என்னதான் வேண்டும்? அதில் எங்களுக்கு ஆகிற விஷயம் எது?

பதில்: மனதைரியத்தை அப்புறம் பார்க்கலாம். உங்கள் நம்பர் ஒன் பையன் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை வெளியே வந்து உட்காருகிறான்? அதை நீங்கள் எழுதவில்லை. உட்காருவதே இல்லை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். நானும் இருபது வருஷம் இதே வேலூரில் பிள்ளைகளுக்குப் புல்தரை ஹாக்கி சொல்லிக் கொடுத்தவன்தான். நல்லா ஆடுகிற பையனை வெளியே எடுக்க எனக்கும் கை வராது. எடுத்தால் அவன் அப்பா வேலிக்கு வெளியே நின்று, "எம்புள்ளைய இன்னாத்துக்கு சார் வெளிய இஸ்தீங்க?" என்று சத்தம் போடுவார்.

உங்கள் மச்சான் அனுப்பும் வீடியோவில் வருவது என்.எச்.எல்., வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக். அதில் 32 அணிகள். ஒவ்வொன்றும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடிய பிறகு 16 அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டம், நான்கு ஜெயித்தவர் மேலே. ஆக லீகின் ஸ்டான்லி கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். நமக்கு இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற சமயம், விடியற்காலைக் காப்பியோடு பனித்தரையைப் பார்க்கலாம்.

இப்போது டாம்பா பே லைட்னிங் அணியின் கதை. உங்கள் கதைதான் அது, அளவுதான் பெரிசு. 2018-19 பருவத்தில் அவர்கள் 82-இல் 62 ஆட்டம் ஜெயித்தார்கள். அவர்களின் நிகிதா குசெரோவ் அந்த வருஷம் கோலும் கோலுக்கு உதவியுமாக 128 புள்ளி எடுத்து லீகிலேயே முதல் ஆள். பிளே-ஆஃப் முதல் சுற்றில், தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த கொலம்பஸ் அணி எதிரி. முதல் ஆட்டத்தில் டாம்பா 3-0 முன்னிலை. முடிவில் 4-3 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில், தோல்வி உறுதியாகிவிட்ட கடைசி நிமிஷங்களில், குசெரோவ் எரிச்சலில் ஒரு எதிரி வீரரைச் சுவரோடு மோதித் தள்ளி அடுத்த ஆட்டத்துக்குத் தடை வாங்கினார். நான்கே ஆட்டத்தில் 0-4, மூட்டையைக் கட்டியாயிற்று.

அவர்களையும் "மனசு பலவீனம்" என்றுதான் ஊரே சொன்னது. நிர்வாகம் என்ன செய்தது என்பதுதான் விஷயம். பயிற்சியாளர் ஜான் கூப்பரை நீக்கவில்லை, குசெரோவை விற்கவில்லை. ஓடியாடி உழைக்கிற, யாரும் போஸ்டர் போடாத ஆட்களைப் பிடித்து வந்தார்கள். பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ இருவரும் 2020 பிப்ரவரியில் வந்து, ஏற்கெனவே இருந்த யானி கோர்டோடு சேர்ந்து மூன்றாவது வரிசையானார்கள் (ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வரும் கூட்டத்துக்கு வரிசை என்று பெயர்). நட்சத்திரங்கள் மூச்சு வாங்கும்போது எதிரியின் நட்சத்திரங்களைப் பிடித்து வைப்பது இவர்கள் வேலை. அந்த வருஷம் அணித்தலைவர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்தால் பிளே-ஆஃப் முழுவதிலும் மூன்று நிமிஷம்கூட ஆடவில்லை. ஆனாலும் 2020-இல் கோப்பை, 2021-இல் மறுபடியும் கோப்பை.

2020 முதல் சுற்றில் அதே கொலம்பஸ் வந்தது. முதல் ஆட்டம் ஐந்து ஓவர்டைம் போயிற்று. லீக் ஆட்டம் டிரா ஆனால் கோலி தவிர பக்கத்துக்கு மூன்று பேராக ஐந்து நிமிஷம் ஆடி, அப்புறம் ஷூட்-அவுட்டில் முடிப்பார்கள். பிளே-ஆஃபில் அந்தச் சலுகை இல்லை. முழு அணியோடு இருபது இருபது நிமிஷமாக, கோல் விழும்வரை, நம்மூர் பாரதக்கூத்து மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்கு 60 நிமிஷ ஆட்டம் 150 நிமிஷத்தைத் தாண்டியது. கொலம்பஸ் கோலி யோனாஸ் கோர்பிசாலோ 85 பந்தை (பக் என்கிற ரப்பர் வட்டை என்று சொல்லவேண்டும், பழக்கதோஷம்) தடுத்தும் டாம்பா 3-2 ஜெயித்தது. அன்று மிக அதிக நேரம் ஆடியவர் கொலம்பஸின் சேத் ஜோன்ஸ், 65 நிமிஷம். பெரிய சாதனை என்று எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தச் சாதனைக்காரரே பாதி நேரத்துக்கு மேல் பெஞ்சில்தான் இருந்திருக்கிறார்.

அங்கே ஒரு ஆள் ஒரு தடவை உள்ளே போனால் முக்கால் நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்துவிடுவார். அதற்குப் பெயரே ஷிஃப்ட். ராணிப்பேட்டை தொழிற்சாலைகள் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இதற்கென்றே சங்கு ஊதுவார்கள். மகளைப் பார்க்க டொரான்டோ போயிருந்தபோது ஒரு ரிங்க்கில் பார்த்தேன். சங்கு ஊதியதும் பக் எங்கே கிடந்தாலும் பிள்ளைகள் அப்படியே விட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஓடிவந்தன. ஒரு வாண்டு மட்டும் கோலுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதையும் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது அநியாயமாகப் பட்டது.

உங்கள் ஆட்டத்தில் கோலி தவிர நான்கு பேர்தான் உள்ளே. உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். இரண்டு முழு வரிசை, மேலே ஒருவன். இந்த வெயிலில், சிமென்ட் தளத்தில், நாற்பது வினாடிக்கு மேல் யாரும் முழு வேகத்தில் ஓட முடியாது. ஓடுவது போலத் தெரியும், அவ்வளவுதான். லீக்கில் இது உங்களைக் கடிக்காது, ஏனென்றால் பாதி அணிகள் உங்களைவிடச் சுமார். நாக்-அவுட்டில் எதிரே நிற்பவன் உங்களுக்குச் சமம். அவன் கால் கடைசி ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது, உங்கள் பையன் கால் இல்லை. கால் போன பையன் என்ன செய்வான்? எட்டாத இடத்தில் மட்டையை நீட்டுவான், எதிரி காலில் சிக்கும், நடுவர் விசில் ஊதுவார். உங்கள் போன வருஷத்துப் பெனால்டி அப்படி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஐஸில் ஒருவர் வெளியே போனால் ஐந்தில் ஒரு பங்கு போகும். உங்களுக்கு நாலில் ஒரு பங்கு.

இன்னொன்று, இதை வீடியோவில் யாரும் கவனிப்பதில்லை. பாதி நேரத்துக்குப் பிறகு பக்கம் மாறுகிறீர்கள். பெஞ்ச் மாறுவதில்லை. முதல் பாதியில் உங்கள் கோலுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்ச், இரண்டாம் பாதியில் எதிராளி கோலுக்குப் பக்கமாகிவிடும். தற்காப்பில் மாட்டிக்கொண்ட பையன் மூச்சு வாங்கினாலும் பெஞ்சுக்கு வர வழியில்லை, அவ்வளவு தூரம். என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம் மூன்று பீரியடு, இரண்டாவது பீரியடில் இதே தொல்லை உண்டு. அந்தப் பீரியடில், களைத்த ஆட்கள் தங்கள் பகுதியிலேயே சிக்கிக் கோல் வாங்குவது சகஜம். அதனால் அங்கே ஒரு பழக்கம்: பக்கைக் கொண்டுபோய் எதிராளிப் பகுதியின் மூலையில் ஆழமாகத் தள்ளிவிட்டுத்தான் ஆள் மாற்றுவார்கள். பார்க்கிறவர்களுக்குக் கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். இரண்டாம் பாதியில் உங்கள் பையன்களும் அதைச் செய்யட்டும். நடுக்கோட்டில் பக்கை வைத்துக்கொண்டு மாற்றினால் செத்தீர்கள்.

கோலி விஷயத்தில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஐஸ் ஹாக்கியில் சூடு பிடித்த ஒரு கோலி தொடரையே தூக்கிக்கொண்டு போவார். 1971-இல் கென் டிரைடன், லீகில் ஆறே ஆட்டம் ஆடிய பையன், மான்ட்ரியலுக்கு அப்படித்தான் கோப்பை வாங்கித் தந்தார். நீங்கள் போய்த் தேடினால் கிடைக்கிற சரக்கல்ல அது. உள்ள கோலிக்குப் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிஷம், மற்றவர்கள் களைத்திருக்கும்போது, முன்னால் இரண்டு பேரை நிறுத்திப் பார்வையை மறைத்து ஷாட் அடியுங்கள். நாக்-அவுட்டில் வருவது அந்த மாதிரி அசிங்கமான கோல்கள்தான்.

மச்சான் அனுப்பியதில் மோதல், சண்டை, உடம்பால் ஷாட்டைத் தடுப்பது எல்லாம் இருக்கும். பையன்களுக்கு அதுதான் பிடிக்கும். காட்டாதீர்கள். வேகமாக வரும் பக்கை அந்தக் கவசம் இல்லாமல் தடுக்கப் போனால் நேரே ஆஸ்பத்திரிதான். அவர்களின் ஏழு ஆட்டத் தொடர் தந்திரங்களும் உங்களுக்கு ஆகாது. அங்கே முதல் ஆட்டத்தில் தோற்றவர் அன்று ராத்திரியே வீடியோ பார்த்துத் திருத்திக்கொள்வார். உங்களுக்கு மறு ஆட்டமே கிடையாது. ஒரே ஆட்டத்தில் தோற்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. 2023-இல் லீகில் 65 வெற்றியோடு சாதனை படைத்த பாஸ்டன்கூட, ஏழு ஆட்டத் தொடரில் 3-1 முன்னிலை பெற்றும், ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் புளோரிடாவிடம் தோற்றது. உங்கள் விஷயத்தில் இரண்டு வருஷமும் ஒரே மாதிரி தோற்றதுதான் என்னை பெஞ்சைப் பார்க்கச் சொல்கிறது.

நாளைக்கே ஒரு விசில் வாங்குங்கள். பயிற்சி ஆட்டத்தில் நாற்பது வினாடிக்கு ஒரு முறை ஊதுங்கள், நான்கு பேரும் மாறட்டும். முதல் வாரம் குழப்பமாக இருக்கும், இரண்டு பேர் கூடுதலாக உள்ளே நிற்பார்கள், திட்டாதீர்கள். மூன்றாவது வாரம் விசிலை நிறுத்திவிடுங்கள், அவர்களாகவே மாறட்டும். நம்பர் ஒன் பையனுக்கு மட்டும் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்து, இரண்டாவது வரிசை ஆடும்போது பெஞ்சில் உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொல்கிற வேலையைக் கொடுங்கள். அவன் அப்பா வந்து கேட்டால் அதையே காட்டலாம்.