மழையில் உறையும் மாட்யூல்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டு மாடியில் மழைமானி ஒன்றை வைத்து, அதற்கான லினக்ஸ் கெர்னல் மாட்யூலை (இயங்குதளத்தின் மையப்பகுதியில் சேரும் நிரல்துண்டை) நானே எழுதினேன். மழைநீர் நிறைந்து மானியின் சிறு வாளி சாயும்போதெல்லாம் இண்டரப்ட் (ப்ராசஸரை இடைமறிக்கும் சைகை) வருகிறது. அதைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குள் கேமலாக் மூலம் நினைவகம் எடுத்து, மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டை) பூட்டி, பட்டியலில் சேர்க்கிறேன். மேசையில் நாள்கணக்கில் ஓடியது, பெருமழையில் உறைந்துவிடுகிறது. ஏன்?"

உங்கள் ஹேண்ட்லர் தூங்கக்கூடிய, அதாவது ப்ராசஸரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடிய, இரண்டு வேலைகளைச் செய்கிறது. இண்டரப்ட் ஹேண்ட்லர், ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேலையை இடைமறித்து நிற்பது. தனக்கென ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) இல்லாததால், அதை உறங்கவைத்துப் பிறகு எழுப்ப, யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரால் இயலாது. கேமலாக்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஜிஎஃப்பி_கெர்னல் கொடி, நினைவகம் குறைந்திருந்தால் காத்திருக்கும். மியூடெக்ஸ், வேறொருவர் கையில் இருந்தால் காத்திருக்கும். மேசையில் நினைவகம் தாராளமாக இருந்தது, பூட்டுக்குப் போட்டியும் இல்லை. எனவே பிழை வெளியே தெரியவில்லை. மழையிலோ, பதிவு நிரல் மியூடெக்ஸைப் பிடித்துப் பட்டியலைப் படிக்கும் கணத்தில் ஒரு வாளி சாய்ந்தாலே போதும். கெர்னலைக் கான்ஃபிக்_டீபக்_அடாமிக்_ஸ்லீப் அமைப்புடன் தொகுத்திருந்தால், முதல் நாளே எச்சரிக்கை வந்திருக்கும்.

ஜிஎஃப்பி_அடாமிக் கொடிக்கு மாறுங்கள் என்று பலர் சொல்வார்கள். அது காத்திருக்காது என்பது உண்மை. ஆனால் நெருக்கடியில் வெறுங்கையுடன் திரும்பும், அந்தப் பதிவு போய்விடும். ஹேண்ட்லருக்குள் நினைவகமே கேட்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சாய்வு 0.2 மி.மீ. என்றால், மணிக்கு 72 மி.மீ. கொட்டினாலும் 360 சாய்வுகள்தான், அதாவது 10 நொடிக்கு ஒன்று. பதிவுக்கு 16 பைட் வீதம் 1024 இடங்களை மாட்யூல் ஏறும்போதே ஒதுக்கிவிட்டால் 16,384 பைட் ஆகும். அது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். (வாளியின் காந்தச் சுவிட்ச் ஒரே சாய்வில் பலமுறை துடிக்கும், சில மில்லிநொடி இடைவெளிக்குள் வருபவற்றைத் தள்ளிவிடுங்கள்.)

மியூடெக்ஸுக்குப் பதில், தூங்காமல் சுழன்றபடி காத்திருக்கும் ஸ்பின்லாக் போடுங்கள். படிக்கும் பக்கத்தில், பூட்டு இருக்கும்வரை அந்த ப்ராசஸரில் இண்டரப்ட்டைத் தடுக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் கட்டாயம்: சாதாரண ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே ப்ராசஸரில் இண்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்தப் பூட்டுக்காகச் சுழன்றுகொண்டே இருக்கும், பூட்டை விடவேண்டியவரோ அதன் அடியில் நகர முடியாமல் நிற்பார். இன்னொன்று, பலர் சறுக்கும் இடம்: பூட்டைப் பிடித்தபடி, பயனர் நிரலின் நினைவகத்துக்குத் தரவை நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் அழைக்காதீர்கள். பயனரின் நினைவகப் பக்கம் அப்போது இல்லாவிட்டால் அதுவும் தூங்கும். பதிவுகளை முதலில் ஒரு சிறிய உள் இடையகத்துக்கு நகலெடுத்து, பூட்டை விட்டபின் பயனருக்கு அனுப்புங்கள்.

மாட்யூலைக் கழற்றும்போது சாதனக் கோப்பை முதலில் நீக்கி, அடுத்து, இண்டரப்ட் இணைப்பை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும். நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ அதற்குப் பிறகே வரவேண்டும். வரிசை மாறினால், விடுவித்த நினைவகத்தில் அடுத்த மழைத்துளி எழுதும்.