ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குள் வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய டெஸ்க்டொப்பா, லெப்டொப்பா?

பாட்டும் மத்தளமும் வீட்டிலேயே பதிய வேண்டும், கையில் இருப்பது ஒன்றரை இலட்சம், எந்தக் கொம்பியூட்டர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு அறை ஒன்றில் சில வருடங்களாக நானும் இதைத்தான் செய்கிறேன். கோயில் பாட்டுகள், எப்போதாவது கூத்துப் பாட்டு. பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்குங்கள். அதற்குப் பாதிக் காசுக்கு மேல் போகாதீர்கள்.

ஏன் லெப்டொப் என்றால், தொடக்கத்தில் என் பதிவு எல்லாவற்றிலும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், கூட்டாளியின் இன்டர்ஃபேஸை (மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கும் பெட்டி) இரவல் வாங்கிப் போட்டும் பார்த்தேன். போகவில்லை. ஒருநாள் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. லெப்டொப் பற்றரியில் ஓடுகிறது, ஹெட்ஃபோனில் இரைச்சலைக் காணோம்! பிளக்கில் எர்த் சரியில்லை, சார்ஜர் வழியாக அது வந்திருக்கிறது. அன்றிலிருந்து சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பதிவு. டெஸ்க்டொப்பில் இதற்கு வழியில்லை. அதன் ஃபேன் சத்தம் வேறு. நம் ஊர் வெக்கையில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்து ஒழுகப் பாடுவதே, அந்தச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்றுதானே.

இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 போதும். அதற்கு முந்தியது மலிவாகக் கிடைக்கும், ஆனால் விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. ரேம் 8 ஜிபி. கீபோர்ட், வயலின் எல்லாம் மென்பொருளிலேயே வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 16. எஸ்எஸ்டி கட்டாயம், 256 ஜிபி தாராளம்: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்துக்கு 9 எம்பி கூட வராது.

மிச்சக் காசு இன்டர்ஃபேஸுக்கும் மைக்குக்கும். பெஹ்ரிங்கர் யூஎம்2 மலிவு, ஆனால் 16 பிட்தான். முடிந்தால் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. இரண்டிலும் டைரக்ட் மொனிட்டர் உண்டு. அதைப் போட்டால் உங்கள் குரல் கொம்பியூட்டரைச் சுற்றி வராமல் நேராகவே காதுக்கு வரும், பிந்தி ஒலிக்காது. மைக் டைனமிக் ஆகவே இருக்கட்டும். கண்டென்சர் நுணுக்கமானதுதான், பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும் காகத்தையும் அதே நுணுக்கத்தோடு பிடிக்கும். மாலையில் பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்திவிட்டு ஒரு பாண் வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டைப் பதிகிற மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், அப்புறம் தனியாள் லைசன்ஸ் 60 டொலர்.

மத்தளத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவியார்மார், அதாவது கூத்தை நடத்தி மத்தளம் அடிப்பவர்கள், லெவல் பார்க்கும்போது மெல்லத் தட்டிக் காட்டுவார்கள். கூத்தர் மேடைக்கு வரும் வரவுத் தாளம் தொடங்கியதும் அடி எங்கோ போய்விடும். அப்படி ஒரு முழுப் பதிவே எனக்குச் சத்தம் வெடித்துக் கெட்டுப் போனது. இப்போது ‘வரவுக்கு அடிக்கிற மாதிரியே அடியுங்கோ அண்ணாவியார்’ என்று கேட்டு, மென்பொருளின் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஹெட்ஃபோனையும் கொண்டு போங்கள். சார்ஜரைக் கழற்றி, அரை மணித்தியாலம் பற்றரியிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.