கணவருக்கு எச்.ஐ.வி., ஏஜென்ட்டுக்கு எதற்கு மூன்றரை லட்சம்?

கேள்வி: எனக்கு வயது 29. கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எனக்கு இல்லை. நான்கு வருடமாக எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார். குழந்தை வேண்டும் என்று அங்கே கேட்டால், 'ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஏஜென்ட்டிடம் விசாரித்ததில், 'விந்தைக் கழுவி ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) செய்தால்தான் உங்களுக்கும் குழந்தைக்கும் ஒட்டாது. 3.5 லட்சம் ஆகும், முன்பணம் 50,000 கட்டுங்கள்' என்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் தேடி எடுக்க வேண்டியது ஒரு காகிதம்: கணவரின் கடைசி வைரல் லோடு ரிப்போர்ட். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அந்த எண்ணை மட்டும் எழுதவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. அந்த எண் உங்களுக்கு எதற்குத் தேவை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்பதுதான் வைரல் லோடு. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவருக்கு இது இயந்திரத்தால் எண்ண முடியாத அளவுக்கு இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' (வைரஸ் தென்படவில்லை) என்று இருக்கும், அல்லது மிகச் சிறிய எண்ணாக இருக்கும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவுவதில்லை. என் சொந்த அபிப்பிராயம் அல்ல இது. ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்குத் தொற்று உள்ள தம்பதிகளை ஆணுறை இல்லாத உறவோடு தொடர்ந்து கவனித்த பார்ட்னர் ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. வைரஸ் 200-க்குக் கீழே இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. மாத்திரை தொற்றுப் பரவலைத் தடுக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் நம் சென்னையும் ஒரு களம். இங்குள்ள தம்பதிகள் பங்கெடுத்து உலகத்துக்குக் கிடைத்த அறிவு, இங்குள்ள மையத்தின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆணுறைப் பெட்டியை நீட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். கேட்டால் கூட்டம் என்பார்கள். கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரை நிமிட அலட்சியத்தில்தான் ஏஜென்ட்டுக்குப் பிழைப்பு நடக்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். சிடி4 எண்ணிக்கை என்பது வேறு. '700 இருக்கிறது டாக்டர், பயமில்லையே' என்று அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது அவருடைய எதிர்ப்புச் சக்தியின் கணக்கு, உங்களுக்குப் பரவுமா என்று அது சொல்லாது. இன்னொன்று, மையத்தில் வைரல் லோடு 1000-க்குக் கீழே இருந்தால் 'நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தக் கோடு போதும். குழந்தைக்காக ஆணுறையை விடுவதற்கு 200-க்குக் கீழே, முடிந்தால் 'நாட் டிடெக்டட்' என்று இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது ஆறு மாதமாக. ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள். போன வருடத்தது என்றால், 'கருத்தரிக்கத் திட்டமிடுகிறோம், புதிதாக ஒன்று எடுங்கள்' என்று மருத்துவ அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். இலவசப் பரிசோதனைதான். 'வருடத்துக்கு ஒரு தடவைதான்' என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள், காரணத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்.

எண் சரியாக இருந்தால் அப்புறம் எல்லோருக்கும் போலத்தான். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சி என்றால் 10-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரை சேருங்கள். மற்ற நாட்களில் ஆணுறை வேண்டுமா என்பது உங்கள் மன நிம்மதியைப் பொறுத்தது. தொடங்கும் முன் இருவரும் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த 3.5 லட்சம். விந்தைக் கழுவுவது பொய்யான வித்தை அல்ல. விந்துத் திரவத்தை இயந்திரத்தில் சுழற்றி, விந்தணுவை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். மாத்திரைகள் இவ்வளவு முன்னேறாத காலத்தில் இத்தாலியில் தொடங்கி, பல தம்பதிகளுக்கு வழிகாட்டிய முறை. வைரஸ் இறங்காதவருக்கும், விந்தணு எண்ணிக்கை குறைந்தவருக்கும் இன்றும் அது தேவைப்படலாம். அப்போதும் பெரும்பாலும் கர்ப்பப்பையில் செலுத்தும் ஐ.யு.ஐ. போதும், நேராக ஐ.வி.எஃப்.புக்குப் போக வேண்டியதில்லை. ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார், கமிஷன் ஐ.வி.எஃப்.பில்தான். பணம் கட்டிய பிறகு, 'எச்.ஐ.வி. மாதிரியை லேப்பில் வைக்க மாட்டார்களாம், டோனர் (வேறொருவரின் விந்து) வைத்துக்கொள்ளலாம்' என்று பேச்சு மாறுவதும் உண்டு. பதிவு பெறாத மையம் இந்தச் சிகிச்சையைச் செய்வதே 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் டோனரும் கிடையாது. கணவரின் ஏ.ஆர்.டி. புத்தகத்தை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். நாளைக்கு அதை வைத்தே மிரட்டுவார்கள்.

ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் நெகட்டிவ் ஆகிவிடும் என்று இன்னொரு கூட்டம் வரும். எய்ட்ஸைக் குணமாக்குவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்று நம் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையே தடுக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் பழையபடி ஏறிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல ஆளே இல்லை. நீங்கள் முயலும் மாதங்களில் கணவருக்குக் காசநோய் வந்தால், முயற்சியை நிறுத்தி ஆணுறைக்குத் திரும்புங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கூட்டு மருந்தில் உள்ள டோலுடெகிராவிரை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதை ஈடுகட்ட, 12 மணி நேர இடைவெளியில் இன்னொரு டோலுடெகிராவிர் 50 மி.கி. மாத்திரையைச் சேர்த்துத் தர வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். ஆனால் காசநோய் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில், எச்.ஐ.வி. மாத்திரை ஏ.ஆர்.டி. மையத்தில். வெட்கப்பட்டு அவர் இங்கே அதைச் சொல்ல மாட்டார், அங்கே இதைச் சொல்ல மாட்டார். இரண்டு துறைகளும் பேசிக்கொள்ள வேண்டும் என்பது காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் அந்த வேலையை நீங்கள்தான் செய்யவேண்டியிருக்கும். சாதாரண இருமல் என்று எங்கே போனாலும் இரண்டு சீட்டையும் கையில் கொண்டு போகச் சொல்லுங்கள். காசநோய்ச் சிகிச்சை முடிந்து, வைரல் லோடு மறுபடி எடுத்துப் பார்த்த பிறகு முயற்சியைத் தொடரலாம்.

குழந்தையைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் விந்தணுவிலிருந்து நேராகக் குழந்தைக்கு எச்.ஐ.வி. போகாது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து. அதனால் முயலும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரசு எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமான பிறகும், பால் கொடுக்கும் காலத்திலும் அதைத் தொடருங்கள். நெகட்டிவாக இருக்கும்வரை உங்களுக்கு மாத்திரை வேண்டாம், தாய்ப்பாலுக்கும் தடையில்லை. ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் போங்கள், விந்தணுப் பரிசோதனையிலிருந்து தொடங்குவார்கள்.

பிரசவத்தின்போது, கணவரின் நிலை தெரிந்து 'சிசேரியன்தான்' என்றோ 'வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்றோ யாராவது சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரோடு வாழ்கிறவரையும் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுதித் தர மறுத்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, எங்கே புகார் செய்வது என்று கேளுங்கள்.