பளபளப்பான கிளாஸி போட்டோ பிரிண்ட்டை, பளபளப்பில்லாத மேட் ஆக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் எந்தக் காகிதம் என்பதைப் பொறுத்தது.

பளபளப்பு என்பது மேற்பரப்பின் வழவழப்புதான். வழவழப்பான பரப்பில் பட்ட வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும். சொரசொரப்பான பரப்பில் சிதறும். பிரிண்ட்டின் மேல் அடிக்கும் மேட் ஸ்ப்ரேயில் உள்ள நுண்துகள்கள் இப்படிச் சிதறடிக்கத்தான். இதற்கு ஒரு விலை உண்டு: சிதறிய வெளிச்சம் கறுப்பின் மேலும் படிவதால் கருமை சாம்பலாக வெளுத்துத் தெரியும். இரவுக் காட்சிப் படமென்றால் நான் ஸ்ப்ரே பக்கமே போகமாட்டேன்.

அடிக்கத்தான் வேண்டுமென்றால், இங்க்ஜெட் பிரிண்ட்டை ஒரு நாளாவது நன்றாகக் காயவிடுங்கள். சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் வெள்ளைப் புகைபோலத் திட்டு படியும். வேண்டாத பிரிண்ட் ஒன்றில் முதலில் சோதித்துப் பாருங்கள். மேட் லேமினேஷன் படலம் இதைவிடச் சீராக அமையும். ஒட்டியபின் பிரிக்க முடியாது.

இருட்டறையில் கழுவிய, பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் காகிதக் கறுப்பு வெள்ளைப் படங்களின் கதை வேறு. ஈரமான படத்தின் முகத்தை மெருகேற்றிய குரோம் தகட்டில் அழுத்தி உலர்த்தினால் கண்ணாடிப் பளபளப்பு வரும். மறுபடி ஊறவைத்துக் காற்றில் உலர்த்தினால் அது அடங்கிவிடும். பிளாஸ்டிக் பூசிய ஆர்சி காகிதத்தில் இது பலிக்காது. இங்க்ஜெட் படத்தை ஊறவைக்கவே கூடாது.

பழைய குடும்பப் படமா? தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். ஸ்கேன் செய்து மேட் காகிதத்தில் புதிதாக அச்சிடுங்கள்.