கல்லறைத் தோட்டத்தில் பெஞ்சும் நிழலும் வைத்தால் அது பூங்கா ஆகிவிடாதா?

இதைக் கேட்ட நீங்கள் இன்னும் யாரையும் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்ததில்லை என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

அம்மாவை அடக்கம் செய்தபின் ஞாயிறுதோறும் அப்பாவைக் கூட்டிப் போனேன். 73 வயது, முழங்கால் தேய்மானம். உட்கார ஒரு திண்டுகூடக் கிடையாது. நிற்க முடியாமல் பக்கத்துக் கல்லறையின் கல்லைப் பிடித்துக்கொள்வார், அதற்கு முன் அதிலிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்பார். பத்து நிமிடம்தான். அழுகை வருவதற்குள் கால்வலி வந்துவிடும்.

ஒருநாள் மடக்கு ஸ்டூல் எடுத்துப் போனோம். "இதெல்லாம் உள்ளே கூடாது பெரியவரே" என்றார் காவலாளி. அவரைக் குறை சொல்லவில்லை, மேலே யாரோ போட்ட விதி. (அதே வாரம் அலுவலகத்தில் ஒருவர் "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கீங்க" என்று கேட்டார். அம்மா போனதற்கு மூன்று நாள் லீவு, என் லேப்டாப் பழுதானபோது மட்டும் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். சரி, அது வேறு கதை.)

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஒரு வனக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1915இல் நடந்த போட்டியில் வென்ற அஸ்ப்லுண்ட், லெவெரென்ட்ஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது, 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரங்கள் சூழ்ந்த ஒரு மேட்டுக்குப் போகும் படிகள் மேலே போகப் போக உயரம் குறைந்துகொண்டே வருமாம், துக்கத்தோடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று. நான் போனதில்லை, படித்ததுதான். படித்தபோது அப்பாவின் முழங்கால்தான் கண்ணில் நின்றது.

பூங்கா என்றால் அவமரியாதை என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அமெரிக்காவில் பெரிய நகரப் பூங்காக்கள் வருவதற்கு முன்பே, 1831இல் தொடங்கிய மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் ஜனங்கள் உலாவப் போனார்கள். பிற்காலப் பூங்காக்களுக்கு இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டங்களும் ஒரு முன்மாதிரி. நான் ஒன்றும் ஊஞ்சல் கட்டச் சொல்லவில்லை. முதுகு சாய ஒரு பெஞ்ச், அதன்மேல் நிழல், பக்கத்தில் ஒரு குழாய். பெஞ்சை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துப் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கெஞ்சியபின் ஸ்டூலை விட்டார்கள். இரண்டு வரிசை தள்ளி மகனுக்காக வந்து நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு அப்பா அதைக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு ஸ்டூல். போன ஞாயிறு அந்த அம்மா வரவில்லை. வீடு வந்து சேரும்வரை "ஏன் வரலை, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.