கொப்பியில் யாருடைய எழுத்து?

கேள்வி: என் மகள் நான்காம் தரத்திலும் மகன் ஏழாம் தரத்திலும் படிக்கிறார்கள். மகள் வாரத்தில் நான்கு நாள் டியூஷனுக்கும் போகிறாள். பாடசாலையில் கொடுப்பதும் டியூஷனில் கொடுப்பதுமாக வீட்டுவேலை முடிய இரவு பத்து மணி தாண்டிவிடுகிறது. அவள் தூங்கி விழும்போது மிச்சத்தை நானே அவளுடைய எழுத்தைப் போல எழுதி முடிக்கிறேன். வீட்டுவேலையையே பாடசாலைகள் கைவிட வேண்டும் என்கிறார் கணவர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார் மாமியார். தங்கள் கருத்து என்ன?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இன்றிரவிலிருந்தே அவளுக்காக எழுதுவதை நிறுத்துங்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் பக்கம் வகுப்பாசிரியருக்குத் தவறான செய்தியைக் கொண்டுபோகிறது. பெருக்கல் கணக்கு இருபதையும் பிள்ளை செய்திருக்கிறாள், ஆகவே பாடம் விளங்கிவிட்டது, கொடுத்த அளவும் சரியானதே என்று நம்பி, அவர் மறுநாளும் இருபது கணக்குக் கொடுக்கிறார். அதே வகுப்பில் இன்னும் பத்துத் தாய்மார் இதையே செய்தால், வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளை மட்டும் ‘வீட்டுவேலை செய்யாதவள்’ என்ற பெயரோடு எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் கணவர் சொல்வதை ஓரளவுக்கே ஏற்கிறேன்; மாமியார் சொல்வதைச் சிறிதளவும் என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுவேலை பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹாரிஸ் கூப்பர். 1989இல் தனித்தும் 2006இல் சக ஆய்வாளர்களோடும் அவர் வெளியிட்ட மதிப்பீடுகளின்படி, ஏழாம் தரத்திலும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களிடம் வீட்டுவேலைக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் இடையே தெளிவான தொடர்பு தெரிகிறது; ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு மிக மெலிந்து, சில ஆய்வுகளில் இல்லை என்றே சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறது. இதை வைத்து அவர் வீட்டுவேலையை ஒழிக்கச் சொல்லவில்லை. தரம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்ற, அமெரிக்க ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கையே ஆதரித்தார். அந்தக் கணக்கின்படி உங்கள் மகளுக்கு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம், மகனுக்கு எழுபது நிமிடம். அவை அமெரிக்க வகுப்பறைகளைப் பற்றிய ஆய்வுகள் என்பது உண்மைதான். என்றாலும், களைத்துப்போன ஒன்பது வயதுப் பிள்ளையின் மூளை கொழும்பில் வேறு விதமாக இயங்கும் என்று நான் நம்பவில்லை.

அரசுகளும் இதில் தலையிட்டிருக்கின்றன. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று பிரான்ஸ் 1956இலேயே சுற்றறிக்கை வெளியிட்டது. சீனா 2021இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுவேலையைத் தடை செய்து, ஆரம்ப நிலையின் ஏனைய வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமும் இடைநிலைக்கு ஒன்றரை மணித்தியாலமும் என எல்லை வகுத்தது. இந்தியாவில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. அந்நாட்டு மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பாடசாலைப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம்! உங்கள் வீட்டில் அது ஒரே இரவில் தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் பிரான்ஸில் அந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகும் வீட்டுவேலை நின்றுவிடவில்லை. ஆசிரியர்கள் கொடுக்கிறார்கள், பெற்றோர் கேட்டு வாங்குகிறார்கள். சட்டம் மட்டும் போதும் என்று நான் எண்ணாததற்கு அதுவே காரணம்.

இங்கும் பெற்றோர்தாம் கேட்டு வாங்குகிறோம். குறைவாக வீட்டுவேலை கொடுக்கும் ஆசிரியரை அக்கறையற்றவர் என்று பாடசாலை வாசலில் நின்று பேசுகிறோம். கொப்பி நிரம்பியிருந்தால் படிப்பும் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த நேரமில்லாத ஆசிரியரும், பாடநூலிலுள்ள வினாவையும் எழுதி விடையையும் எழுதி வரும்படி சொல்லி, ஒரு சிவப்புச் சரி அடையாளத்தோடு முடித்துக்கொள்கிறார். உங்கள் மகளின் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அவள் சிந்தித்து எழுதிய வரிகள் எத்தனை, அச்சிலுள்ளதைப் பார்த்து எழுதிய வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இரவு பத்து மணிவரை நேரம் எங்கே போகிறது என்பது விளங்கும்.

ஒப்படைகளின் நிலை இன்னும் மோசமானது. சுற்றாடல் பாடத்துக்குப் பறவைகளைப் பற்றி ஒரு பிரிஸ்டல் போர்ட் செய்து வரச் சொன்னால், படத்தை இணையத்தில் எடுப்பவர் தந்தை, அச்சிடுபவர் கொமினிகேஷன் கடைக்காரர், வெட்டி ஒட்டுபவர் தாய். பிள்ளைக்கு மிஞ்சுவது பெயர் எழுதும் வேலை. இதற்குப் புள்ளியிடும்போது அளக்கப்படுவது அந்த வீட்டின் வசதிதான். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சியும் தம்பியின் அழுகையும் கேட்டுக்கொண்டிருக்க, தரையில் கொப்பியை விரித்து எழுதும் பிள்ளையும், வெள்ளவத்தை மாடிவீட்டில் தனி மேசையில் அமர்ந்து எழுதும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். பாடசாலை நேரத்துக்குள் அவர்களுக்கு ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியர். கற்பித்தலின் பெரும்பகுதியை வீட்டுக்கு மாற்றிவிட்டால் அந்தச் சமத்துவம் மணி அடித்ததுமே முடிந்துபோகிறது. இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா முதலானோர் விரும்பியது, பிள்ளையின் கல்வியைத் தகப்பனின் பணப்பை தீர்மானிக்கக் கூடாது என்பதே. அவர் காலத்துச் சிந்தனையிலிருந்து பிறந்த புலமைப்பரிசில் பரீட்சையும் வசதியற்ற வீட்டின் திறமையான பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறப்பதற்காக ஏற்பட்டது. இன்று அதற்காகவே மூன்றாம் தரத்திலிருந்து டியூஷனுக்குக் காசு கட்டுகிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியால உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. பத்தரைக்குப் படுத்து, பாடசாலை வானுக்காக ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு ஏழு மணித்தியாலம்தான் கிடைக்கிறது. பகலில் கற்றது மனதில் ஊன்றுவது உறக்கத்தில்தான். உறக்கத்தை வெட்டிப் பாடத்தைக் கூட்டினால், பரீட்சை என்ற ஒரே நோக்கத்துக்குக்கூட அது உதவாது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். பாடசாலை வீட்டுவேலையை மாலையில், டியூஷனுக்கு முன்னரே செய்ய விடுங்கள். நாற்பது நிமிடம் ஆனதும் மூடச் சொல்லி, எழுதி நின்ற இடத்தில் ஒரு கோடிட்டு, ‘இதுவரை தானாகச் செய்தாள், நாற்பது நிமிடம் எடுத்தது’ என்று உங்கள் எழுத்தில் குறித்துக் கையொப்பமிடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்த பின்னர் வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், அந்தப் பக்கங்களைக் காட்டினாலே போதும். நல்லாசிரியர் அதற்கு நன்றி சொல்வார். நான்கு நாள் டியூஷனை இரண்டாகக் குறையுங்கள். டியூஷனிலிருந்து வீட்டுவேலை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், பணம் கட்டுபவர் நீங்கள். மிஞ்சும் நேரத்தில் அவள் விளையாடட்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகவே குறிப்பிடுகிறது. படுக்கைக்குப் போகுமுன் அவள் விரும்பும் தமிழ்க் கதை ஒன்றைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். நான்காம் தரத்துக்கு இதைவிடப் பயனுள்ள வீட்டுவேலை எனக்குத் தெரியாது.

மகனின் நிலை வேறு. ஏழாம் தரத்தில் வீட்டுவேலை வேண்டும், அதைத் தானே அமர்ந்து செய்யும் பழக்கமும் வேண்டும். உங்கள் கணவரோடு நான் வேறுபடுவது இங்கேதான். இன்று கற்ற சமன்பாட்டை இன்றே முப்பது முறை செய்வதைவிட, இன்று ஐந்தும் மூன்று நாள் கழித்து ஐந்தும் அடுத்த வாரம் ஐந்துமாகச் செய்தால் நீண்ட நாள் நினைவில் நிற்கும். அவனுக்குச் சந்தேகம் வந்தால் விடையைச் சொல்லாமல், எந்த இடத்தில் தடைப்பட்டான் என்று கொப்பியிலேயே எழுதி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் திருத்தப்படாத வீட்டுவேலை தவறையே மனனம் செய்விக்கும். ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில், எவ்வளவு வீட்டுவேலை கொடுக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். சென்ற மாதம் கொடுத்தவற்றில் எத்தனையைத் திருத்திப் பிள்ளையோடு பேசினீர்கள் என்று கேளுங்கள், திருத்தக்கூடிய அளவு மட்டும் கொடுக்கும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் அதிபருக்கு எழுத்தில் கோரிக்கை வையுங்கள்.